கருத்து வேண்டாம், ஏட்டைக் காட்டுங்கள்

'வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆதரவளிக்கும் தொழில்முறை வல்லுநர்களின் பார்வைகள்' – இப்படி ஒரு தலைப்பைப் போட்டுக்கொண்டு ஆய்வு செய்யக் கிளம்பிவிட்டார்கள். சமூகப்பணித் துறை, உளவியல் துறை, மகளிரியல் துறை, தொண்டு நிறுவனம் என்று எங்கு பார்த்தாலும் இதே தலைப்புதான். முன்னே பின்னே ஒரு சொல் மாறியிருக்கும். ஒரு கையில் கேள்வித்தாள், இன்னொரு கையில் ஒப்புதல் படிவம். டாக்டரைப் பார்க்கிறார்கள், வழக்குரைஞரைப் பார்க்கிறார்கள், கவுன்சிலரைப் பார்க்கிறார்கள், மகளிர் காவல் நிலைய ஆய்வாளரைப் பார்க்கிறார்கள். 'முழுமையாக ஏற்கிறேன்' என்று தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை அய்ந்து கட்டம். டிக் அடித்துக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் போட்டுக் கூட்டி, சராசரி எடுத்து, பட்டம் வாங்கிவிடலாம்.

ஆய்வே கூடாது என்று சொல்லவில்லை. காவல் நிலையத்துக்கும் ஜி.எச்.சுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிற ஒரு பெண்ணின் தலையெழுத்தை இந்த நான்கு பேருடைய மனசில் இருக்கிற நினைப்புதான் தீர்மானிக்கிறது. அந்த நினைப்பைத் தோண்டி எடுக்கத்தான் வேண்டும். எங்கே தோண்டுகிறார்கள், யாரை விட்டுவிட்டுத் தோண்டுகிறார்கள் என்பதில்தான் சண்டை.

முத்தாபுதுப்பேட்டைக்கும் அப்படி ஒரு கேள்வித்தாள் வந்தது. ஆவடியைத் தாண்டி, விமானப்படை நிலையத்தின் மதில்சுவரை ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஊர் இது. 1955இல் ஆவடியில் கூடித்தான் காங்கிரஸ்காரர்கள் 'சோஷலிச மாதிரி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு டாங்கி செய்கிற தொழிற்சாலை வந்தது, ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கிற தொழிற்சாலை வந்தது. 2019இல் மாநகராட்சி. 2022இல் தனிப் போலீஸ் கமிஷனரகம். சேரி சேரியாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் வீட்டுவேலைக்கும் சித்தாள் வேலைக்கும் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள். ஏதாவது நடந்துவிட்டால் ஓடுகிற நான்கைந்து பேரில் நானும் ஒருத்தி என்பதால் அந்த ஆய்வு மாணவியை என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

கேள்வித்தாளில் முதல் பக்கம் 'தன்விவரம்'. வயது, பால், கல்வித் தகுதி, எத்தனை ஆண்டு அனுபவம், எத்தனை பயிற்சி முகாம். சாதிக்குக் கட்டமே இல்லை. ஏம்மா என்று கேட்டேன். "அது சென்சிட்டிவான விஷயங்க்கா, கேட்டா யாரும் பதில் சொல்லமாட்டாங்க" என்றது அந்தப் பெண். பாவம், அதன் தப்பில்லை. கைடு போட்டுக் கொடுத்த கேள்வித்தாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அடிபட்டு, கெடுக்கப்பட்டு வருகிறவளிடம் எத்தனை பேர் சாதி கேட்கிறார்கள்! ரைட்டர் கேட்கிறார். கம்யூனிட்டி சர்டிபிகேட் எங்கே என்கிறார். அது இல்லாத இருளர் பெண்ணாக இருந்தால் போச்சு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவே எப்.அய்.ஆரில் ஏறாது. தாலுக்கா ஆபீசில் கேட்கிறார்கள், ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்கிறார்கள், கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கிறார். அவளுடைய சாதி ஊருக்கெல்லாம் திறந்த புத்தகம். 'ஆதரவளிக்கும் வல்லுநர்' சாதி மட்டும் சென்சிட்டிவ்! சாதியில்லாத டாக்டர், சாதியில்லாத வக்கீல், சாதியில்லாத கவுன்சிலர், சாதியில்லாத பேராசிரியர். சாதி இருப்பது நமக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

சரி, யார் வல்லுநர்? அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஒப்பந்தக் கூலிக்குத் தரை துடைக்கிற ஒரு அக்கா எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டாக்டரம்மா வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு எங்கையில சொல்லிடுச்சி. கையப் புடிச்சிகினு அயுவுது. நான்தான் சொன்னேன், துணிய மாத்தாதம்மா, ஒண்ணுக்குப் போறதுன்னா சொல்லிட்டுப் போ, கயுவிடாத, அப்பறம் ஒண்ணும் தேறாதுன்னு. அவங்கம்மாவ ஒக்கார வெச்சி தண்ணி குடுத்தேன். எங்கையில யாரு இன்னா கேட்டா? நான் பெருக்கறவதான?"

தடயம் அழியாமல் பார்த்துக்கொள்வது என்றால் இதுதான். பயிற்சி முகாமில் பவர்பாயிண்ட் போட்டு மூன்று மணி நேரம் சொல்லித் தருவதை இந்த அக்கா வார்டில் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறார். ஆய்வின் மாதிரியில் இவருக்கு இடமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வாடகை வாங்காமல் ஆட்டோ ஓட்டிய பையனுக்கு இடமில்லை. கோர்ட் வாய்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் துணைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரிக்கு இடமில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால் 'ஆதரவு', சம்பளத்தை இழந்து செய்தால் அக்கம்பக்கத்துப் பழக்கம்!

தமிழ் படித்தவள் என்கிற முறையில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். கவுன்சிலருக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் 'ஆற்றுப்படுத்துநர்'. நல்ல சொல்தான். ஆனால் பழைய ஆற்றுப்படையில் வழி சொல்கிறவன் யார்? பசியோடு அதே வழியில் நடந்து, மீண்டு வந்த பாணன். எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனுக்குச் சொல்கிறான். நடக்காதவன் வழி சொல்வதற்குப் பெயர் ஆற்றுப்படை இல்லை. அப்படிப் பார்த்தால் எங்கள் பகுதியில் உண்மையான ஆற்றுப்படுத்துநர், ஏழு வருஷம் வழக்கு நடத்தி முடித்துவிட்டு இப்போது புதிதாக வருகிறவளுக்கு 'கூண்டுல ஏறுனதும் ஜட்ஜப் பாரு, அவனப் பாக்காத' என்று சொல்லிக்கொடுக்கிறவள்தான்.

இந்த இடத்தில் பன்வாரி தேவியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்கிற கிராமப் பணியாளர் அவர். அதாவது ஆதரவளிப்பதே அவர் வேலை. குயவர் சாதி. பட்டேரி கிராமத்தில் ஆதிக்க சாதி வீட்டில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992 செப்டம்பரில் அவர் கணவன் எதிரிலேயே கூட்டாக வன்புணர்ச்சி செய்யப்பட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதிக்கவில்லை. ஜெய்ப்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் தொடமாட்டோம் என்றார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் பரிசோதனையே நடந்தது. 1995இல் செஷன்ஸ் கோர்ட், மேல்சாதிக்காரன் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தன்னைத் தீட்டாக்கிக்கொள்வானா என்கிற தர்க்கத்தையெல்லாம் சொல்லி அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எல்லாரையும் விடுவித்தது. அவர் வழக்கைத் தொடர்ந்துதான் 1997இல் உச்சநீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகள் வந்தன, 2013இல் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு ஆபீஸ் ஆபீசாக மாட்டியிருக்கிற கமிட்டி போர்டெல்லாம் அவர் சிந்திய ரத்தம். கேள்வித்தாள்காரர்களே, பன்வாரி தேவியை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? வல்லுநர் கட்டத்திலா, பாதிக்கப்பட்டவர் கட்டத்திலா? உங்கள் ஆய்வு இரண்டையும் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறதே!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வல்லுநர்களுடைய கருத்து என்ன என்று தெரிந்துகொள்ள அவர்களிடம் போய்க் கேட்க வேண்டியதே இல்லை. ஏற்கெனவே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி வைத்திருக்கிறார்கள்.

மராட்டிய மாநிலம் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் 1972இல் ஒரு ஆதிவாசிச் சிறுமியை இரண்டு போலீஸ்காரர்கள் கெடுத்தார்கள். மதுரா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பெயர். 'இரண்டு விரல்கள் எளிதாக நுழைந்தன', 'பழைய கிழிசல்கள்', 'உடம்பில் காயமில்லை' – இது மருத்துவர் கருத்து. உடலுறவுக்குப் பழகியவள் – இது செஷன்ஸ் நீதிபதி கருத்து. இவற்றின் மேல்தான் 1978இல் உச்சநீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 1979இல் சட்டப் பேராசிரியர்கள் நான்கு பேர் பகிரங்கக் கடிதம் எழுதி நாடே கொதித்த பிறகு 1983இல் சட்டம் திருந்தியது. விரல் திருந்தியதா? 2013இல் உச்சநீதிமன்றம் இரு விரல் சோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்றது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டில் உடனே தடை செய் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றம் மறுபடியும், இனி செய்கிறவர் ஒழுங்கீனம் செய்தவராகக் கருதப்படுவார் என்றது. ஒரே விஷயத்தை ஏன் இத்தனை முறை தடை செய்கிறார்கள்? ஒவ்வொரு தடைக்குப் பிறகும் நடந்துகொண்டே இருந்தது, அதனால்தான். இப்போது ஒரு கேள்வித்தாளைக் கொண்டுபோய் 'இரு விரல் சோதனை அறிவியலுக்குப் புறம்பானது' என்று கேளுங்கள். நூற்றுக்கு நூறு டாக்டர்களும் 'முழுமையாக ஏற்கிறேன்' என்று டிக் அடிப்பார்கள். டிக் அடித்தது கருத்தா, சர்டிபிகேட்டில் எழுதியது கருத்தா?

இந்தக் 'கருத்து' நம் மண்ணுக்கும் புதிதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு வைத்துக் கொளுத்தினார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம், கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியாது என்றது. பட்டேரி தீர்ப்புக்கும் இதற்கும் இருபத்திரண்டு வருஷ இடைவெளி, இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரம். தர்க்கம் ஒன்றே. பெரிய மனுஷன் செய்யமாட்டான். இதை எந்தப் பல்கலைக்கழகமும் கணக்கெடுக்கவில்லை, தீர்ப்பிலேயே அச்சாகிக் கிடக்கிறது.

வாச்சாத்திக்கு வருவோம். அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரம், மலையாளிப் பழங்குடிகளின் ஊர். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தது. 269 பேர். வீடுகளை இடித்தார்கள், கிணற்றில் நஞ்சாகக் கழிவைக் கொட்டினார்கள், ஆடுமாடுகளை அறுத்துத் தின்றார்கள். 18 பெண்களைக் கெடுத்தார்கள். பிறகு 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் சேலம் சிறையில் அடைத்தார்கள்.

இங்கே நிறுத்தி எண்ணிப் பாருங்கள். கெடுக்கப்பட்ட அந்தப் பெண்கள் சிறைக்குள் போய்ச் சேருகிறவரை எத்தனை 'வல்லுநர்களை'க் கடந்து போயிருப்பார்கள்? ரிமாண்டுக்கு ஒரு மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போடாமல் சிறைக்கதவு திறக்காது. சிறைக்குள் நுழைகிறவருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு என்பது விதி. வார்டர்கள் உண்டு. படித்தவர்கள், பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர்கள். அடி வாங்கி, கிழிந்த துணியோடு பழங்குடிப் பெண்கள் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். எவரும் குறித்துவைக்கவில்லை. அல்லது அவர்கள் குறித்துவைத்தது ஒன்றே ஒன்று: சந்தனக் கட்டைத் திருடிகள். காட்டுக்குள் பதுங்கிக் கிடந்த மிச்ச சனங்களைத் தேடி, ஜூலையில் பழங்குடி மக்கள் சங்கத்துக்காரர்களும் மார்க்சிஸ்டுகளும் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. (சாதிக் கேள்வியில் இடதுசாரிகளோடு நமக்குத் தீராத வழக்குகள் உண்டு. அதற்காக வாச்சாத்தியில் அவர்கள் உழைப்பை மறைக்க முடியாது.) மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து வாக்குமூலம் கேட்டார். உளவியல் பட்டயம் பெற்றவரில்லை. வெண்மணிக்கும் போய் எழுதியவர். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் இயக்குநராக இருந்த பாமதி என்கிற அதிகாரி நேரில் வந்து விசாரித்து, நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அதிகாரத்தில் இருப்பவர் நினைத்தால் உண்மையை எழுதலாம், கை ஒன்றும் ஒடிந்துவிடாது என்பதற்கு அவரே சாட்சி.

1995இல் உயர்நீதிமன்றம் சிபிஅய் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், வழக்கு நடக்கும்போதே செத்துப்போன 54 பேர் போக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 மார்ச்சில் உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29இல் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலி என்றார். அதோடு நிற்காமல், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். இந்தக் கடைசி உத்தரவைத்தான் நமது ஆய்வாளர்கள் சட்டம் போட்டு மாட்டிவைத்துக்கொள்ள வேண்டும். கெடுத்தவன் மட்டுமில்லை, பார்த்தும் எழுதாதவனும் கணக்கில் வருகிறான். முப்பத்தோரு வருஷம் ஆனது இதைச் சொல்ல. 1992இல் அந்த ஆட்சியரிடமும் எஸ்.பி.யிடமும் கேள்வித்தாள் கொடுத்திருந்தால் 'பெண்கள் மீதான வன்முறை கடுமையாகத் தண்டிக்கப்பட வேண்டும்' என்கிற வரிக்கு என்ன டிக் அடித்திருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கருத்துக்கும் துட்டுக்கும் உள்ள தொடர்பு இன்னும் மோசம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது, விதிகள் 1995இல். 2016இல் திருத்திய விதிப்படி வன்புணர்ச்சிக்கு ஆளான தலித், பழங்குடிப் பெண்ணுக்கு 5 லட்சம் நிவாரணம். தமிழ்நாடு அரசு பிறகு தொகையை உயர்த்தியிருக்கிறது, அது இருக்கட்டும். எப்போது கொடுப்பார்கள்? பாதித் தொகை, மருத்துவப் பரிசோதனை நடந்து 'உறுதிப்படுத்தும் மருத்துவ அறிக்கை' வந்த பிறகு. கால் பங்கு குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும். மீதிக் கால் பங்கு கீழ்க்கோர்ட் விசாரணை முடிந்ததும். இப்போது இதைப் பாருங்கள். வன்புணர்ச்சி என்பது குற்றம், மருத்துவ நிலை அல்ல என்று உச்சநீதிமன்றம் 1992லேயே சொல்லிவிட்டது. நடந்ததா இல்லையா என்று முடிவு சொல்வது டாக்டர் வேலையில்லை, காயமில்லை என்பதால் நடக்கவில்லை என்றாகாது என்று 2014 வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் நிவாரண விதியோ டாக்டர் 'உறுதிப்படுத்த' வேண்டும் என்கிறது! ஒரு சட்டம் அவரைச் சொல்லாதே என்கிறது, இன்னொன்று அவர் சொன்னால்தான் பணம் என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவள் நம் பெண். ஏ.ஆர். காப்பியில் 'வெளிக்காயம் ஏதுமில்லை' என்று எழுதிய அந்த இரண்டு சொல், ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் பைலை எத்தனை மாதம் தூங்கவைக்கிறது என்பதை எந்த ஆய்வாவது அளந்திருக்கிறதா?

எங்கள் பக்கத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. போலீஸ் கமிஷனரகம் ஆவடியில். நிவாரணம் தருகிற மாவட்ட நிர்வாகம் திருவள்ளூரில். எப்.அய்.ஆர். காப்பி வரவில்லை என்று அங்கே சொல்வார்கள், அனுப்பிவிட்டோம் என்று இங்கே சொல்வார்கள். நடுவில் லோக்கல் ரயிலில் போய்வருகிறவள் கூலி இழந்து நிற்கிறாள். எப்.அய்.ஆர். என்றேனே, முதலில் அது எங்கே போடுகிறார்கள்? சி.எஸ்.ஆர். ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்து 'விசாரிக்கிறோம்மா, போ' என்று அனுப்பிவிடுவதுதானே வழக்கம்.

2020இல் ஹாத்ரஸில் என்ன நடந்தது? செப்டம்பர் 14இல் தாக்கப்பட்ட அந்தத் தலித் பெண்ணிடமிருந்து தடய மாதிரி எடுத்ததே பதினோரு நாள் கழித்து. அதில் விந்தணு இல்லை, ஆகவே வன்புணர்ச்சியே இல்லை என்று உ.பி.யின் உயர் போலீஸ் அதிகாரி பத்திரிகைக்காரர்களிடம் அறிவித்தார். பதினோரு நாள் கழித்து எடுத்த மாதிரிக்கு மதிப்பில்லை என்று அலிகார் ஆஸ்பத்திரியின் மருத்துவர் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டு நிறுத்தப்பட்டார். 2023இல் கோர்ட் மூவரை விடுவித்து ஒருவனை மட்டும் தண்டித்தது, அதுவும் வன்புணர்ச்சிக்கு இல்லை. ஆக, நேர்மையான கருத்துச் சொன்ன வல்லுநருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் மற்ற வல்லுநர்கள் கற்றுக்கொள்கிறார்கள். கேள்வித்தாளில் இதற்குக் கட்டம் உண்டா?

வல்லுநர் என்றாலே அயோக்கியர் என்று முத்திரை குத்துவது என் நோக்கமில்லை. 2015இல் தொடங்கிய 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் வேலை செய்கிற பெண்களைக் கொஞ்சம் அறிவேன். ஒப்பந்த ஊழியம், குறைந்த தொகுப்பூதியம். மருத்துவம், போலீஸ், சட்டம், தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று திட்டம் சொல்கிறது. கூரைக்குக் கீழே இவர்கள்தான் இருக்கிறார்கள், மற்றவர்களைப் போனில் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும். நம் சாதிப் பெண் ஒருத்தி, வேறொரு மாவட்டத்தில் கவுன்சிலர், சொன்னாள்: "அக்கா, நான் யாருன்னு ஆபீஸ்ல சொன்னதில்ல. சொன்னா, வர்ற பொண்ணோட அம்மாவே என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. நம்ம பொண்ணு கேஸா வந்தா, மத்தவங்க 'இவங்க ஆளுங்கள்ல இதெல்லாம் சகஜம்'னு என் எதிர்லயே பேசுவாங்க. அதையும் கேட்டுகிட்டு உக்காந்திருப்பேன்." ஆய்வுகளில் இவளுக்கு வருகிற நோய்க்கு 'பணிச்சோர்வு' என்று பெயர். தியானம், மூச்சுப் பயிற்சி பரிந்துரைக்கிறார்கள். சாதிக்கு மூச்சுப் பயிற்சி!

இவளைப் போன்றவளிடம் ஆய்வாளர் கேட்டால் என்ன சொல்வாள்? அய்ந்து கட்டத்தில் நடுக்கட்டம். 'கருத்து ஏதுமில்லை.' அந்தச் சாதிக் கட்டத்தைக் கேள்வித்தாளிலிருந்து எடுத்ததன் பலன் இதுதான். ஆதிக்க சாதி வல்லுநரின் சாதி மட்டும் மறையவில்லை, தலித் வல்லுநரின் காயமும் சேர்ந்து மறைந்துபோகிறது.

இன்னொரு அயோக்கியத்தனத்தையும் சொல்லாமல் விட முடியாது. இந்த ஆய்வுகளில் வல்லுநரிடம் ஒப்புதல் வாங்குகிறார்கள், பெயர் வெளியிடமாட்டோம் என்று உறுதி தருகிறார்கள். நல்லது. ஆனால் பேட்டியில் அவர் என்ன பேசுகிறார்? "ஒரு கேஸ் வந்தது, அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சின்னா..." என்றுதானே பேசுகிறார்! அந்தப் பொண்ணிடம் யார் ஒப்புதல் வாங்கினார்கள்? ஒரு அறிக்கையில் எங்கள் பகுதிப் பெண் ஒருத்தியின் வாழ்க்கை 'நேர்வு 4' என்று அச்சாகியிருந்ததைப் படித்தேன். பெயர் இல்லை. வயது இருந்தது, சாதி இருந்தது, எத்தனை பிள்ளை என்பது இருந்தது, புருஷன் என்ன வேலை என்பது இருந்தது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். பாதிக்கப்பட்டவளின் அடையாளத்தை வெளியிடுவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228ஏ, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 72ஆம் பிரிவு. டாக்டரின் பெயர் மட்டும் 'பங்கேற்பாளர் பி' என்று பத்திரமாக இருந்தது. அவளிடம் வாசித்துக் காட்டினேன். "நான் அழுததக்கூட எழுதிட்டாங்களா? அவங்க முன்னாடி நான் அழவே இல்லையே" என்றாள்.

நம் சார்பில் வேறு மாதிரி செய்யப்பட்ட ஆய்வுகளும் உண்டு. ஆந்திரம், பீகார், தமிழ்நாடு, உ.பி. ஆகிய நான்கு மாநிலங்களில் 500 தலித் பெண்களிடமே நேராகப் போய்க் கேட்டு 2006இல் வெளியான அறிக்கை ஒன்று. அலாய்சியஸ் இருதயம், ஜெயஸ்ரீ மங்குபாய், ஜோயல் லீ மூவரும் எழுதியது. அவர்கள் கணக்குப்படி தண்டனையில் போய் முடிந்த சம்பவங்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. போலீசும் டாக்டரும் கோர்ட்டும் என்ன 'கருத்து' கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன அளவுகோல் வேண்டும்? கேட்கிற திசையைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். வல்லுநரிடம் இவளைப் பற்றிக் கேட்காமல், இவளிடம் வல்லுநரைப் பற்றிக் கேட்டார்கள்.

தோழர் ஒருவர் சொன்னார், இப்படியெல்லாம் எழுதினால் நாளைக்கு எந்த டாக்டரும் வக்கீலும் ஆய்வுக்கே ஒத்துழைக்கமாட்டார்கள் என்று. ஒத்துழைக்க வேண்டாம்! நான் கேட்பது அவர்களுடைய ஒத்துழைப்பை இல்லை. பெண் ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்த நேரம் என்ன, டாக்டர் தொட்டுப் பார்த்த நேரம் என்ன? சி.எஸ்.ஆர். போட்ட தேதிக்கும் எப்.அய்.ஆர். போட்ட தேதிக்கும் எத்தனை நாள்? வன்கொடுமைச் சட்டப் பிரிவு முதலிலேயே ஏறியதா, மறியல் செய்த பிறகு ஏறியதா? டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது 7ஆம் விதி. விசாரித்தது நிஜமாகவே அவரா, அவர் பெயரில் ஏட்டா? சாட்சிக்கும் பாதிக்கப்பட்டவளுக்கும் பயணப்படி, அன்றாடப் படி தரவேண்டும் என்பது 11ஆம் விதி. அந்தப் படியைக் கண்ணால் பார்த்த யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு சனவரியிலும் சூலையிலும் கூட வேண்டும். கூடியதா, என்ன பேசினார்கள்? எல்லாவற்றுக்கும் ஏடு இருக்கிறது, பதிவு இருக்கிறது. ஏட்டில் சராசரி எடுங்கள். அதோடு அந்தத் தரை துடைக்கிற அக்காவையும், கோர்ட்டுக்குத் துணை போகிறவளையும் உட்காரவைத்துக் கேளுங்கள். ஒருநாள் கூலியைக் கொடுத்துக் கேளுங்கள், உங்கள் ஆய்வு நிதியில் அதற்கு இடமிருக்கிறது.

மாணவர்கள் பலர் இந்த இதழைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அடுத்த வருஷம் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்கள் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம். ஒவ்வொரு வழக்கிலும் எப்.அய்.ஆர். போட்ட தேதி, மருத்துவ அறிக்கை வந்த தேதி, முதல் தவணை கொடுத்த தேதி – மூன்று தேதிகள் மட்டும், கடந்த அய்ந்து வருஷத்துக்கு. பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். தரவில்லையென்றால் மேல்முறையீடு எழுதிக்கொடுக்க எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது.